ஒரு பெயர், பல மனிதர்

சென்ற ஆண்டு எம் துறை மாணவர் சிலரோடு ஆலம்பரைக் கோட்டையைக் காணச் சென்றிருந்தேன். மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கத்தை அடுத்து, கழிமுகத்தை நோக்கி நிற்கிறது அக்கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய மதில்களில் எஞ்சியவை சில. 1760இல் ஆங்கிலேயர் இடித்தனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மேலும் சிதைத்தது. மதிலின் நிழலில் அமர்ந்து அதன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலிகான் ஆட்சியில் இங்கே நாணயச்சாலை இருந்ததையும், 1736இல் புதுச்சேரியிலேயே வெள்ளி ரூபாய் அச்சிடும் உரிமையைப் பிரெஞ்சு ஆளுநர் பெனுவா தூமா அந்நவாபிடமிருந்து பெற்றதையும், 1750இல் முசாபர் ஜங் இக்கோட்டையைத் தூய்ப்ளேக்சுக்கு அளித்ததையும் கூறினேன்.

அப்போது ஒரு மாணவர் கேட்டார்: “ஐயா, வேதியியலில் நைட்ரசன் அளவைக் கண்டறிய ‘டூமாஸ் முறை’ என்று படித்தோமே, அந்த டூமாஸ்தானா இவர்?” மற்றொருவர் உடனே, “இல்லை, இவர் மூன்று வீரர்களைப் பற்றிக் கதை எழுதியவர்” என்று திருத்தினார். எல்லாரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். மூவரும் வேறு வேறு ஆள்கள் என்று ஒரே வரியில் விடையும் கூறிவிட்டேன். ஆனால் திரும்பி வரும் வழியில் அக்கேள்வி என்னை விடவில்லை. அது சிரித்துக் கடக்கத்தக்க கேள்வியன்று. அறிவுலகின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று என்பது மெல்லப் புலப்பட்டது. பெயர் ஒன்றாயின் ஆளும் ஒருவரோ? இக்கேள்விக்குப் பொறுப்போடு விடை காணாமையால் நூல்களில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் இழப்பு நேர்கின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் அப்பெயரையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக்காரர் ஏறத்தாழத் ‘த்யூமா’ என ஒலிக்கும் பெயரைத்தான் நம் வேதியியல் ஏடுகள் ஆங்கில வழியாக ‘டூமாஸ்’ என எழுதுகின்றன. ஒரே எழுத்துக்கூட்டல் தமிழுக்கு வரும்போது இருவகை ஒலியாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே, ஒரு புறம் வேறு வேறு மனிதர் ஒருவராகத் தோன்றும் மயக்கம். மறுபுறம் ஒரே பெயர் வேறு வேறு பெயராகத் தோன்றும் மயக்கம். இரண்டும் ஒருங்கே நம்மைச் சூழ்கின்றன.

ஆளுநர் பெனுவா தூமா இந்தியப் பெருங்கடலில் உள்ள பூர்போன் தீவை ஆண்டபின், 1735 முதல் 1741 வரை புதுச்சேரியில் ஆளுநராக விளங்கியவர். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது அவர் காலத்தில், 1739இல். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான், 1736இல். 1740இல் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரோடு பொருது தோஸ்த் அலிகான் வீழ்ந்தபோது, அவருடைய மனைவியும் குடும்பத்தாரும் புகலிடம் தேடிப் புதுச்சேரியின் வாயிலுக்கு வந்தனர். சந்தா சாகிபின் மனைவியும் மகனும் அங்கேயே அடைக்கலம் பெற்றனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியத் தளபதி இரகூஜி போன்சுலே விடுத்த கோரிக்கையைத் தூமா மறுத்தார். வணிக நோக்கமும் அரசியல் கணக்கும் அம்மறுப்பில் இல்லாமல் இல்லை. எனினும் அடைக்கலமாக வந்தோரைக் கைவிடாமை என்னும் செயல் செயலே ஆகும். அதற்காக முகலாயப் பேரரசர் அவருக்கு நவாபு என்னும் பட்டம் அளித்தார். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியில் ஒரு வீதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வேதியியல் மாணவர் அறிந்தவர் இவரல்லர். அவர் ழான் பத்தீஸ்த் தூமா. 1800இல் பிறந்து 1884இல் மறைந்தவர். கரிமச் சேர்மத்தைத் தாமிர ஆக்சைடோடு சூடாக்கி, வெளிவரும் நைட்ரசனைப் பொட்டாசியம் ஐதராக்சைடுக் கரைசலின்மேல் சேகரித்து அளக்கும் முறை அவருடையது. பாரிசின் ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பெற்ற 72 அறிஞர் பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. ஆயின் அங்கே குடும்பப்பெயர் மட்டுமே உள்ளது. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் பயணிகளுள் எத்தனை பேர் அதைக் கதாசிரியரின் பெயராகக் கொண்டு மகிழ்கின்றனரோ, யார் அறிவார்?

அக்கதாசிரியரும் ஒருவரல்லர், இருவர். ‘மூன்று வீரர்கள்’ எனத் தமிழில் நாம் சுட்டும் புதினத்தை 1844இல் வெளியிட்டவர் அலெக்சாந்தர் தூமா (1802–1870). 1848இல் ‘காமெலியா மலர்ச் சீமாட்டி’யை எழுதியவர் அவர் மகன் அலெக்சாந்தர் தூமா (1824–1895). தந்தைக்கும் மகனுக்கும் முதற்பெயரும் ஒன்று, குடும்பப்பெயரும் ஒன்று, தொழிலும் ஒன்று. ஆதலின் பிரெஞ்சுக்காரர் ‘தந்தை’ என்றும் ‘மகன்’ என்றும் சொல் சேர்த்தே இருவரையும் பிரித்தறிகின்றனர்.

இனி, இப்பெயர் கதாசிரியர் குடும்பத்துக்கு வந்த வரலாற்றைக் கேட்டால் உள்ளம் உருகும். அவர் தந்தை தோமா அலெக்சாந்தர் ஒரு பிரெஞ்சுப் பிரபுவுக்கும், கரீபியத் தீவாகிய சான் தொமிங்கில் அடிமையாக இருந்த மரி செசெத் என்னும் கறுப்பினப் பெண்ணுக்கும் 1762இல் பிறந்தவர். 1786இல் அவர் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தபோது, தம் உயர்குடிப் பெயர் கடைநிலைப் படைவீரன் ஒருவனுக்கு வழங்குவதைப் பிரபு விரும்பவில்லை. மகன் தயங்கவில்லை, தாயின் பெயராகிய தூமா என்பதையே தமதாக்கிக்கொண்டார். அப்பெயரோடுதான் பிரெஞ்சுப் புரட்சிப் படையில் தளபதியாக உயர்ந்தார். பிரபுவின் பெயரை இன்று வரலாற்று மாணவர் மட்டுமே அறிவர். அடிமைப் பெண்ணின் பெயரையோ உலகம் அறியும். 1970 முதல் பாரிசின் நிலத்தடி இரயில் நிலையம் ஒன்று அப்பெயரால் வழங்குகிறது. 2002இல் பேரனின் உடல் நாட்டுப் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்திற்குச் சிறப்போடு கொண்டு செல்லப்பெற்றது.

அடிமைகளின் உழைப்பில் தோட்டங்கள் செழித்த பூர்போன் தீவை ஆண்ட ஆளுநருக்கும், அடிமையாகவே வாழ்ந்த ஒரு தாய்க்கும் பெயர் ஒன்றே! பெயரைக்கொண்டு குலத்தை அளப்போர்க்கும், பெயரைக்கொண்டு தகுதியை மதிப்போர்க்கும் இதனினும் வேறு விடை வேண்டுமோ?

இப்பெயர் இத்துணைப் பேருக்கு எவ்வாறு வாய்த்தது? காரணம் எளிது. தென் பிரான்சின் மொழியில் ‘மாஸ்’ என்றால் பண்ணை வீடு. ‘தூ மாஸ்’ என்றால் பண்ணை வீட்டைச் சேர்ந்தவர். பண்ணை வீடுகள் ஆயிரம் இருந்தன. ஆகவே ஒன்றோடொன்று உறவில்லாத குடும்பங்கள் பல இப்பெயரைப் பெற்றன. மரி செசெத்தின் பெயரும் அவர் உழைத்த பண்ணையைக் குறித்ததாகலாம் எனக் கருதுவோர் உளர். நம் கடற்கரையில் மரைக்காயர் என்றும், உள்நாட்டில் இராவுத்தர் என்றும் வழங்குவோர் அனைவரும் ஒரே குடும்பத்தார் அல்லர் என்பதை நாம் அறிவோம். அதுபோன்றதே இதுவும்.

பெயர் மனிதரோடு நிற்கவில்லை. கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் ஒரு தூமா நகர், ஆர்க்கன்சாசில் மற்றொன்று. முன்னது லூயி தூமா என்பாரின் பெயர், பின்னது வில்லியம் தூமா என்பாரின் பெயர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த மார்லீன் தூமா இக்கால ஓவியருள் புகழ்பெற்றவர். ஏர்மேஸ் என்னும் புகழ்மிக்க பிரெஞ்சு நிறுவனத்தை வளர்த்தவர் ழான் லூயி தூமா. அவருக்குப் பின்னரும் அக்குடும்பத்தார் தலைமை ஏற்றனர். அங்கே குடும்பப்பெயர் நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் இல்லை. நிறுவனம் அதனைத் தோற்றுவித்த மூதாதையின் பெயரைத் தாங்குகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் நாட்டிலேயே குசராத்தில் சூரத்து நகருக்கு அருகே கருமணல் பரந்த டூமஸ் கடற்கரை இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அதே கூட்டல். ஆனால் பிரெஞ்சுக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. எழுத்து ஒன்றியது தற்செயல். உறவு கற்பிப்பது நம் பிழை.

அயல்நாட்டுப் பெயரை விடுத்து நம் மண்ணுக்கு வருவோம். கோவளம் என்றால் எது? தமீமுல் அன்சாரியின் பெயரால் அமைந்த தர்காவால் நாம் நன்கறிந்த, சென்னைக்கும் மாமல்லபுரத்திற்கும் இடைப்பட்ட கோவளம் ஒன்று. திருவனந்தபுரத்தை அடுத்த கோவளம் ஒன்று. கன்னியாகுமரியின் அருகே மற்றொன்று. 1752இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கிளைவ் கைப்பற்றிய கோட்டை நம் கோவளத்துக் கோட்டையாகும். செங்கல்பட்டும் அவ்வாறே. 1997க்கு முந்தைய செங்கல்பட்டு மாவட்டம் இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளையும் உள்ளடக்கியது. 2019 நவம்பரில் தோன்றிய செங்கல்பட்டு மாவட்டம் அதனினும் மிகச் சிறியது. நூறாண்டுக்கு முந்தைய மாவட்டப் புள்ளிவிவரத்தை இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டு ‘குறைந்தது’ என்றோ ‘வளர்ந்தது’ என்றோ எழுதும் ஆய்வாளர், பெயர் ஒன்றென்பதால் பொருளும் ஒன்றென மயங்கியவரே ஆவார். மாமல்லபுரமோ இதற்கு மறுதலை. கடல்மல்லை, மாமல்லபுரம், மகாபலிபுரம், மேனாட்டு மாலுமிகள் வழங்கிய ஏழு கோயில் என்னும் பெயர் என ஓர் ஊருக்குப் பல பெயர்கள்.

இம்மயக்கத்தை நம் முன்னோர் அறியாதவரல்லர்; அதைத் தீர்க்கும் வழியையும் வகுத்தனர். சங்கப் புலவர் பெயர்களை நோக்குக. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும்போது ஊரும் தந்தையும் உடன் வருகின்றன. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்னும்போது தொழிலும் தெளிவாகின்றது. நக்கீரர் என்றால் பதினோராந் திருமுறையிலும் ஒருவர் உண்டு. ஔவையார் என்றாலோ சங்கப் பாடல்களின் ஔவை வேறு, ஆத்திசூடியின் ஔவை வேறு. அடைமொழி அலங்காரத்துக்காக வந்ததன்று. ஆளைத் தெளிவிக்க வந்தது. குணங்குடி மஸ்தான் சாகிபு என்றும், நாகூர் குலாம் காதிறு நாவலர் என்றும் நம் புலவர்களை ஊரோடு சேர்த்துச் சொல்லும் மரபும் அதன் தொடர்ச்சியே.

அரபு மொழி அறிஞரோ இதனை ஒரு தனிக்கலையாகவே வளர்த்தனர். நபிமொழியை அறிவித்தவர் யார், அவர் நம்பத்தக்கவரா என ஆராய வேண்டியிருந்தமையின், ஒரே பெயருடைய இருவரை ஒருவராகக் கொள்வது பெரும்பிழையாயிற்று. பதினொன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கதீபுல் பக்தாதி ‘அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்’ என ஒரு நூலே இயற்றினார். பெயரால் ஒன்றி ஆளால் பிரிந்தோர் என்பது அத்தலைப்பின் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இப்னுஸ் ஸலாஹ், கலீல் இப்னு அஹ்மத் என்னும் ஒரே பெயரில் அறுவரைப் பிரித்துக் காட்டுகிறார். அவர்களுள் முதல்வர் அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த பசரா நகரத்துப் பேரறிஞர். தந்தை பெயரும் ஒன்றாக இருந்தும் ஆள் வேறு! பெயர், தந்தை, ஊர், ஆசிரியர், மறைந்த ஆண்டு ஆகியவற்றை ஒருங்கே வினவும் அந்நெறி, இன்றைய நூலகத் துறையாளர் பின்பற்றும் பெயர்ப்பட்டியல் முறைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஆனால் இன்று நாம் அந்நெறியை மறந்தோம். முகம்மது அலி என எழுதினால் அவர் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவா (1717–1795), எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாசாவா (1769–1849), கிலாபத் இயக்கத் தலைவர் முகம்மது அலி ஜௌஹரா (1878–1931), குத்துச்சண்டை வீரரா (1942–2016) என்னும் குறிப்பின்றியே மாணவர் கட்டுரைகள் வருகின்றன. ஆய்வேடுகளிலும் இக்குறையைக் கண்டிருக்கிறேன்.

ஏட்டில் நேரும் இக்குழப்பம் நாட்டில் நேரும்போது கண்ணீராக மாறுகின்றது. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர். எளிய மீனவக் குடும்பத்தார். பள்ளிச் சான்றிதழில் அவர் பெயர் ஒரு வகை ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தது; பட்டச் சான்றிதழில் வேறு வகை; கடவுச்சீட்டில் தந்தை பெயர் முன்னே வந்து நின்றது. வெளிநாட்டு வேலை ஒன்று கைகூடும் தறுவாயில், மூன்றும் ஒருவருடையனவே என மெய்ப்பிக்குமாறு அலுவலகம் ஒன்று கேட்டது. உறுதியாவணமும் அரசிதழ் அறிவிப்பும் பெற்று அவர் திரும்புவதற்குள் இடம் வேறொருவருக்குப் போயிற்று. “ஐயா, நான் நான்தான் என்பதற்கு இவ்வளவு சான்றா?” என அவர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

தமிழர் வழக்கில் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் தலைப்பெழுத்தே உண்டு. சாதிப்பெயரை உதறிய இவ்வழக்கு நமக்குப் பெருமையே. ஆயினும் உலக ஆவணங்கள் அதைப் புரிந்துகொள்வதில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையோருக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைவு இல்லை என விதித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருப்பின் ஏற்கப்படும் எனப் பின்னர் விளக்கம் வந்தது. வளைகுடாவை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுந்த நம் சமுதாயத்துக்கு இச்செய்தியின் கனத்தை நான் விளக்க வேண்டுவதில்லை. மேலும், எங்கோ ஒருவர் செய்த குற்றத்தின் நிழல், அதே பெயர் தாங்கிய ஒரே காரணத்தால் மற்றொருவர்மீது விழுவதும் உண்டு. பெயரைக் கண்டவுடன் ஆளைக் கண்டதாக எண்ணும் சோம்பலே அதன் வேர்.

ஆகவே மூவகையினரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

மாணவர்களே, உங்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எவ்வாறு எழுதுவது என இன்றே முடிவு செய்யுங்கள். தேர்வு விண்ணப்பம் முதல் வங்கிக் கணக்கு வரை அதையே எழுதுங்கள். தலைப்பெழுத்தின் விரிவையும் எங்கும் ஒன்றுபோலக் கொடுங்கள். கட்டுரையில் ஒருவரைக் குறிப்பிடும்போது அவர் ஊரையோ, காலத்தையோ, நூலையோ சேர்த்து எழுதப் பழகுங்கள்.

ஆசிரியர்களே, நம் துறை நூலகத்தில் ஒரு சிறு பெயரடைவைத் தொடங்குவோம். ஒரே பெயருடைய புலவரும் அறிஞரும் எத்தனை பேர், ஒருவர் பெயருக்கு எத்தனை எழுத்து வடிவங்கள் எனப் பதிவு செய்வோம். ஆண்டுக்கு ஐம்பது பெயர் சேர்ந்தாலும் பத்தாண்டில் அது கருவூலமாகும்.

ஊர்ப் பெரியோர்களே, ஜமாஅத்துப் பதிவேடுகளில் பெயரோடு தந்தை பெயர், தாய் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றையும் தவறாது எழுதச் செய்யுங்கள். குறிப்பாகப் பெண்களை ‘இன்னார் மனைவி’ என்றும் ‘இன்னார் மகள்’ என்றும் எழுதி நிறுத்தாமல், அவரவர் பெயரையே எழுதச் செய்யுங்கள்.

இறுதி வேண்டுகோளுக்குக் காரணம் உண்டு. 1740இல் கணவனை இழந்து, உயிர் காக்கப் புதுச்சேரியின் வாயிலில் வந்து நின்ற அந்தப் பெருமாட்டியின் பெயரை நான் படித்த வரலாறுகளில் தேடினேன். ‘தோஸ்த் அலியின் மனைவி’ என்றே அவர் நிற்கிறார். வாயிலைத் திறந்த ஆளுநரின் பெயர் வீதியாயிற்று. வாயிலில் நின்றவரின் பெயர் காற்றோடு போயிற்று. அதே நூற்றாண்டில், வேறொரு கடலின் கரையில், உரிமை ஏதுமற்ற ஓர் அடிமைத்தாயின் பெயரோ மகன் விரும்பி ஏற்றதனால் நிலைத்தது. பெயர் தானாக நிலைப்பதில்லை. யாரேனும் ஒருவர் அதை உரிய ஆளோடு சேர்த்து எழுதி வைக்கும்போதுதான் நிலைக்கின்றது.

ஆலம்பரையின் மதில் நிழலில் அந்த மாணவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் ஒரு வரியில் விடை கூறினேன். இன்று இம்மலரின் வாயிலாக முழு விடையையும் அளித்திருக்கிறேன். அவர் இதைப் படிப்பார் என நம்புகிறேன். படித்து, “இன்னும் ஒரு தூமா விடுபட்டார், ஐயா” என்று வந்து சொல்வாராயின் பெரிதும் மகிழ்வேன்.